இடப்பக்கம் சுற்றிய நூல்

ஏப்ரல் 15

மேல் ஓடை மீன்கள் எதைக் கண்டு பயப்படுகின்றன? எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை அண்டாக்குழியில் நீர் 13 டிகிரி. ஓட்டம் குறைவு. அடியில் கிடக்கும் கல்லின் வரிகூடத் தெரிகிற தெளிவு. குழியின் வால்பக்கம் நாலைந்து ட்ரவுட் நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்து நின்றன. நான் காட்டுப் பூவரசுக்குப் பின்னால்தான் இருந்தேன். தொப்பியின் நிழல் தண்ணீரைத் தொட்டதும் ஒன்றைக்கூடக் காணவில்லை. பாறைக்கடியில் போனவை நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

மூன்று வருடமாக அங்கே யாரும் தூண்டில் போடவில்லை. தூண்டில் தெரியாத மீன் மனுஷியைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்க வேண்டும். இரண்டாம் வருடம் அப்படித்தான் இருந்தன. என் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே வந்து பூச்சி தின்றன. இப்போது கீழ்ப்பாலத்து மீன்களைப் போல நடந்துகொள்கின்றன. கீழ்ப்பாலத்தில் வாரம் முழுவதும் ஆட்கள் தூண்டிலோடு நிற்கிறார்கள்.

நீர்நாயாக இருக்கலாம். கரையில் எச்சம் தேடினேன், இல்லை. நீர் குறைந்ததால் பறவையைக் கண்ட பயமாக இருக்கலாம். இரண்டும் எனக்கே திருப்தியாக இல்லை.

இதைச் சீக்கிரம் கண்டுபிடித்தாக வேண்டும். மே 11 தூண்டில் சங்கத்தின் பொதுக்கூட்டம். மேல் ஓடையை இன்னும் மூன்று வருடம் மூடி வைப்பதா, அல்லது மேட்டு விடுதிக்காரர்கள் கேட்கிறபடி அவர்களுடைய விருந்தாளிகளுக்குத் திறந்து விடுவதா என்று அன்று முடிவு செய்கிறார்கள். மூடச் சொல்லி மூன்று வருடத்துக்கு முன் கேட்டது நான். யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் மீன் தானாகவே இனம் பெருக்குமா, கல்லடிப் பூச்சிகள் திரும்பி வருமா என்று பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டதும் நான்.

ட்ரவுட் இந்த மலை மீனே அல்ல, அதற்காக ஏன் மல்லுக்கு நிற்கிறீர்கள் என்று கல்லூரியில் கேட்கிறார்கள். நான் மீனுக்காக நிற்கவில்லை. பூச்சிகள் இந்த மலையுடையவை. ஆட்கள் பூட்ஸோடு இறங்கினால் கல் புரளும், கல்லுக்கடியில் இருப்பது செத்துப் போகும். அதை யாரிடமும் விளக்குவதில்லை. பூச்சிக்காக ஓடையை மூடச் சொன்னால் ஆனைமட்டத்துச் சங்கத்தில் ஒரு கை கூட உயராது.


ஏப்ரல் 18

புனித வெள்ளி. கல்லூரி இல்லை. குக்கர் கேஸ்கட் மாற்றினேன். தோட்டத்தில் காட்டெருமை வந்து பீன்ஸ் பந்தலைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது.

காலை உணவின்போது தயாளன், "மேல தண்ணி எப்படி இருந்துச்சு?" என்றார்.

சொன்னேன். "வெயில் ஏறினா எத்தனை டிகிரி போகும்?" என்றார். மதியம் பதினெட்டு தாண்டும், மீன் ஆழத்துக்குப் போய்விடும், நாலு மணிக்கு மேல் நிழல் விழுந்ததும் மேலே வரும் என்றேன். "எந்தக் குழில முதல்ல?" என்று கேட்டார். அண்டாக்குழியில், கிழக்கும் மேற்கும் மலை மறைப்பதால் அங்கே காலை வெயில் தாமதம், மாலை நிழல் சீக்கிரம். அவர் தோசையைப் பிய்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலை மூடி இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க அவர் என்னிடம் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிர எதுவும் கேட்டதில்லை. போன வருடம் கோடையில்தான் இந்தக் கேள்விகள் தொடங்கின. கல்யாணமான புதிதில் என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்பார், பூச்சியின் பெயரைத் தப்பாகச் சொல்லிச் சிரிக்க வைப்பார். நடுவில் இருபது வருடம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இதைப் பெரிதாக எழுதத் தேவையில்லை. பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்திலும் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பது நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.


ஏப்ரல் 21

நேற்று சாயங்காலம் முதல் கோடை மழை. இன்று ஈசல். விளக்கைப் போட்ட உடனே ஜன்னல் முழுக்க அப்பிக்கொண்டது. ஓடையிலும் விழுந்திருக்கும். ஈசல் விழுகிற இரண்டு மூன்று நாள் மீனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. கடையில் வாங்குகிற வெளிநாட்டுப் பூச்சி எதையும் திரும்பிப் பார்க்காது.

தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்கிறதை இங்கே பூச்சி கட்டுவது என்பார்கள். ஈசல் பூச்சி என் சொந்தக் கண்டுபிடிப்பு. பழுப்பு நூல் உடம்பு, வெள்ளைக் கோழியின் கழுத்து இறகில் நான்கு சிறகு, தண்ணீரில் பட்டதும் படுத்துக்கொள்கிற மாதிரி. வேறு யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. வெள்ளிக்கிழமை தயாளனுக்குப் பிறந்தநாள் என்பதால் உட்கார்ந்து ஒரு டப்பா நிறையக் கட்டினேன்.

எனக்கு இடது கை. எல்லார் பூச்சியிலும் நூல் ஒரு பக்கமாகச் சுற்றினால் என் பூச்சியில் எதிர்ப்பக்கம் சுற்றும். சங்கத்தில் இது பழைய வேடிக்கை. செயலாளர் ரஹமத்துல்லா பாய் முதல் தடவை பார்த்தபோது, "டாக்டரம்மா பூச்சி ரிவர்ஸ் கியர்லதான் போகும்" என்றார். அதற்குப் பிறகு ஆளாளுக்கு அதையே சொல்கிறார்கள்.

கட்டிக்கொண்டிருந்தபோது தயாளன் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்காத மாதிரி இருங்க."

"இவ்வளவா? கீழ்ப்பாலத்து மீனுக்கு இது ஜாஸ்தி."

"கீழ்ப்பாலத்து மீனும் ஈசல் திங்கும்."

சிரித்தார். டப்பாவை இப்போதே எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். கொடுத்துவிட்டேன்.


ஏப்ரல் 22

சிலிண்டர் தீர்ந்தது. பதிவு செய்தேன்.


ஏப்ரல் 25

ரஹமத்துல்லா பாயின் இரும்புக் கடைப் பலகைக்கு வாராந்திர நிலவரம் எழுதிக் கொடுத்தேன். அதன் நகல்:

"கீழ் ஓடை: காலை 14, மதியம் 19 டிகிரி. சாலை வேலையால் பாலத்துக்குக் கீழே கலங்கல், செம்மண் படிகிறது. பாலத்துக்கு மேலே தெளிவு. காலை ஒன்பதுக்குள், மாலை நான்குக்கு மேல் போகவும். மதியத்தில் பிடிக்கிற மீன் விட்ட பிறகும் பிழைக்காது, தயவுசெய்து அந்த நேரத்தில் வேண்டாம். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி இருக்கும் கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டுப் போடவும், விடுவிக்கும்போது மீனின் வாய் கிழியாது. மேல் ஓடை மூடப்பட்டிருக்கிறது."

பாய் படித்துவிட்டு, "கடைசி வரியைத் தவிர எல்லாத்தையும் படிப்பாங்க" என்றார். "கடைசி வரியைப் பெரிசா எழுதுங்க" என்றேன். "பெரிசா எழுதினா அங்கதான் மீன் இருக்குன்னு அர்த்தம் டாக்டரம்மா."

பாயசம் வைத்தேன். தயாளனுக்கு ஐம்பத்தைந்து. சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அவர் பூட்ஸ் பின்வாசலில் ஈரமாக இருந்தது. கீழ்ப்பாலத்துக்குப் போய் வந்தாராம். அங்கே போனால் முழங்கால் வரை செம்மண் ஒட்டும், பூட்ஸில் ஒரு பொட்டுகூட இல்லை. கழுவியிருக்கிறார். வீட்டு வேலையில் முன்னேற்றம்.

"ஈசல் பூச்சி எப்படி?"

"பிரமாதம். கேட்டவங்க எல்லாம் அசந்துட்டாங்க."

"யார் கேட்டாங்க?"

"பாலத்துல நின்னவங்கதான்."


ஏப்ரல் 28

மேல் ஓடை வாசலில் காவலாளி போஜன் என்னைப் பிடித்துக்கொண்டார். போஜன் சங்கத்தின் ஆள். பேச ஆரம்பித்தால் பஸ் போய்விடும்.

"சார் இப்ப நல்லா ஆயிட்டாருங்கம்மா. மூட்டு வலின்னு சொன்னாரே, இப்ப ஏத்தத்துல என்னைவிட வேகமா போறாரு."

"எந்த ஏத்தத்துல?"

"இந்த... எல்லா ஏத்தத்துலயும்தாங்கம்மா."

யானை வந்த கதைக்குப் போய்விட்டார். அவருக்கு வர்ணனை அதிகம். தயாளனின் மூட்டு குணமாகியிருந்தால் நல்லதுதான்.

அண்டாக்குழி 14 டிகிரி. கரையோரக் கற்களில் நான்கைப் புரட்டிப் பார்த்தேன். கூடு கட்டும் புழுக்கள் போன வருடத்தைவிடக் குறைவு. ஒரு கல் ஏற்கெனவே புரண்டு கிடந்தது, பாசி அடிப்பக்கம் இருந்தது. காட்டெருமை தண்ணீர் குடிக்க வந்திருக்கும்.


மே 2

காலையில் அண்டாக்குழியின் ஓரத்தில், நாணலுக்குள், ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. செவுள் மெதுவாக அசைந்தது. வலையில் எடுத்தேன். என் முழங்கை நீளம், பெண் மீன். வாயின் ஓரத்திலிருந்து மெல்லிய தூண்டில் நரம்பு ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. முள் தொண்டைக்குள் போயிருந்தது. எடுப்பதற்குள் அது செத்துப் போய்விட்டது.

முள்ளில் ஈசல் பூச்சி இருந்தது. சிறகில் இரண்டுதான் மிச்சம். நூல் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

கரையில் உட்கார்ந்து யோசித்தேன். இந்த வருடம் நான் ஈசல் பூச்சி கொடுத்தது ஒருவருக்குத்தான். ஆனால் கீழ்ப்பாலத்தில் நரம்பு அறுந்து, அந்த மீன் மேலே ஏறி வந்திருக்கலாம். நடுவில் இருக்கும் அருவியை ட்ரவுட் ஏறாது என்று எழுதியது நான்தான், நான் எழுதியது தப்பாக இருக்கலாம். டப்பா கீழே விழுந்து யாராவது எடுத்திருக்கலாம். முக்கியமாக, முள்ளின் கொக்கி நசுக்கப்படவில்லை. தயாளன் கொக்கியை நசுக்காமல் ஒரு நாளும் தூண்டில் போட்டதில்லை. மீனைக் கையில் எடுக்கும்போது முதலில் கையை நனைத்துக்கொள்கிறவர். எனக்கு அதைக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். எனவே இது அவர் போட்டதல்ல.

பூச்சியை மாதிரி எடுக்கும் புட்டியில் போட்டுக்கொண்டேன். நீர் அளக்க மறந்துவிட்டேன்.

காலை உணவின்போது அவர் கேட்டார். பதிமூன்று என்றேன். அளக்காத எண்ணைச் சொன்னது இதுதான் முதல் தடவை.


மே 3

போர்வைகளைத் துவைத்தேன். வெயில் நன்றாக இருந்தது.


மே 4

போஜனிடம் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"மேல் ஓடைக்கு யார் போறாங்க?"

"யாரும் இல்லிங்கம்மா. நீங்க போறீங்க. சார் போறாரு."

"சார் எப்பப் போறாரு?"

"நீங்க பஸ் ஏறினதுக்கு அப்புறம். வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள். டெம்பரேச்சர் பார்க்க அம்மா அனுப்பினாங்கன்னு சொல்லுவாரு. கூட வர்றவங்க காலேஜ் ஆளுங்கன்னாரு." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "நீங்க அனுப்பலையாம்மா?"

பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"சார் போனா நீங்க போன மாதிரிதானேம்மா. அவரை நான் எப்படி நிறுத்துவேன்? உங்க தர்மாமீட்டரைத்தான் கையில வச்சிருந்தாரு."

அந்த தர்மாமீட்டர் பழையது, போன வருடம் காணாமல் போனதென்று நினைத்திருந்தேன். போஜன் மேல் தப்பில்லை. என் பெயருக்கு அந்த வாசல் திறக்கும். திறக்க வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன் ஏற்பாடு செய்ததும் நான்.

"கூட வர்றவங்க தூண்டில் வச்சிருந்தாங்களா?"

"நீளமா ஒரு பை வச்சிருந்தாங்க. நான் ஆராய்ச்சி சாமான்னு நினைச்சேன்."

மீன்களின் பயத்துக்கு நீர்நாய், பறவை என்றெல்லாம் எழுதியிருந்தேன். மனிதர் என்று எழுதவில்லை.


மே 5

புட்டியிலிருந்து பூச்சியை எடுத்து இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது அண்டாக்குழி மீனோட தொண்டைல இருந்துச்சு."

தயாளன் நிறைய நேரம் பார்த்தார். விரலால் திருப்பினார்.

"நசுக்கிட்டுப் போடுங்கன்னு சொல்லித்தான் கொடுத்தேன்" என்றார்.

இல்லை என்பார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். இதற்கு எதுவும் இல்லை.

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"விடுதிக்கு வர்றவங்க. எல்லாரையும் கூட்டிட்டுப் போறதில்ல. விஷயம் தெரிஞ்ச ஆளுங்க மட்டும்."

"எப்பலேர்ந்து?"

"போன கோடைலேர்ந்து. ஒரு ரூபா வாங்கினதில்ல, மங்கை."

வாங்கியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

"அங்க என்னைத் தயாளன் சார்ங்கறாங்க" என்றார். "நான் கையைக் காட்டின இடத்துல மீன் மேல வருது. அவங்க திரும்பி என்னைப் பார்க்கறாங்க. இங்க சங்கத்துல நான் யாரு? டாக்டரம்மா வீட்டுக்காரர். நாற்காலி எடுத்துப் போடறவன்."

"மீன் மேல வர்ற இடத்தை உங்களுக்கு யார் சொன்னது?"

பூச்சியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"தினம் காலைல கேட்டீங்களே. தண்ணி எப்படி இருந்துச்சு, எந்தக் குழின்னு."

"அது சும்மாவும் கேட்டிருக்கேன்."

"எந்தெந்த நாள் சும்மா கேட்டீங்க?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு தட்டைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. நான் பஸ்ஸைப் பிடிக்கப் போனேன். ஒன்பது மணி வகுப்பில் கல்லடிப் பூச்சிகளின் வாழ்க்கைச் சுற்று. ஒரு பெண் சந்தேகம் கேட்டாள், நல்ல கேள்வி. என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.


மே 7

பலகைக்கு நிலவரம் எழுத உட்கார்ந்தேன். "மாலை நான்குக்கு மேல் அண்டாக்குழியில் நிழல் விழும்" என்று கை தானாக எழுதியது. அது பலகைக்குப் போகும் செய்தியே அல்ல. வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொன்ன செய்தி. கிழித்துவிட்டு, "நீர் குறைவு, வெயில் அதிகம், காலையில் போகவும்" என்று மட்டும் கொடுத்தேன்.

பாய் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா? உடம்பு சரியில்லையா?"

"வேலை ஜாஸ்தி."

"ஞாயித்துக்கிழமை மட்டும் தெம்பா வாங்க. விடுதி மேனேஜர் கோட்டு போட்டுட்டு வரப் போறாராம். நமக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்னாலேயே தயாளன் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஈசல் விழுகிற நாட்கள் என்று அவருக்குச் சொன்னதும் நான்தான்.

மேல் ஓடைக்குப் போவதை நிறுத்தவில்லை. 15 டிகிரி. அவர் இப்போது கேட்பதில்லை. கேட்காத காலை உணவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.


மே 8

பீன்ஸ் பந்தலை அவர் தூக்கிக் கட்டியிருக்கிறார். நன்றாகவே கட்டியிருக்கிறார்.


மே 10

நாளை கூட்டம். மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தயாளன் எதிரில் வந்து உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தார்.

"நாளைக்கு என்ன சொல்லப் போற?"

"இன்னும் முடிவு பண்ணல."

"நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாம கேளு. அது ஒரு பூச்சி. ஒரு மீன். அதை வச்சு உன் மூணு வருஷத்தை நீயே குப்பைல போடாத. நாளைக்கு நீ வழக்கம்போலப் பேசினா மேல் ஓடை மூடியே இருக்கும். நான் இனிமே அந்தப் பக்கம் போகமாட்டேன். சத்தியமா. உனக்கு வேண்டியதும் அதுதானே?"

"நான் சொல்லிட்டேன்னா?"

"யாரும் தூண்டில் போடலைங்கறதுதான உன் ஆராய்ச்சி. அது இல்லேன்னா மூடறதுக்குக் காரணம் என்ன இருக்கு? விடுதிக்குப் போயிடும். தினம் பத்துப் பேர் இறங்குவான். உன் புழு, பூச்சி எல்லாம் போகும். யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் தர்க்கப் பிழை இல்லை. உண்மையைச் சொன்னால் ஓடை போகும், மறைத்தால் ஓடை பிழைக்கும். என் பூச்சிகளுக்கு யார் பொய் சொன்னார்கள் என்பது முக்கியமில்லை. ஒரு மாணவி இப்படித் தனக்கு ஒத்து வராத தகவலை ஒளித்து ஆய்வேட்டைக் கொண்டுவந்தால் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்திருப்பேன். அதுவும் உண்மை.

அவர் துண்டின் ஓரங்களைச் சரியாகச் சேர்த்து வைத்தார். "இதுல நான் மாட்டிக்கக் கூடாதுங்கறதுக்காகச் சொல்லல" என்றார்.

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ.

நாளை எழுந்து நின்றால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. புட்டியைப் பையில் வைத்திருக்கிறேன். வைத்ததனால் எடுப்பேன் என்று அர்த்தமில்லை.


மே 11

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மேல் ஓடை 14 டிகிரி, தெளிவு. பதினோரு மணிக்குக் கூட்டம். ஒரு ஜீப்தான் இருக்கிறது, சேர்ந்தே போனோம். அவர் ஓட்டினார்.

ரஹமத்துல்லா பாயின் கடை மாடியில் சங்கத்து ஆட்கள் ஏறக்குறைய எல்லாரும் வந்திருந்தார்கள். தயாளன் வழக்கம்போல நாற்காலிகளை எடுத்துப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். விடுதி மேனேஜர் கோட்டு போட்டிருந்தார். சின்ன வயது, மரியாதையான பிள்ளை. எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். தயாளனைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை, தெரியாதவர் மாதிரிப் பார்வையை நகர்த்திக்கொண்டார். ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

முதலில் மேனேஜர் பேசினார். பிறகு பாய் பேனாவை எடுத்துக்கொண்டு, "டாக்டரம்மா, மேல் ஓடைல மூணு வருஷமா யாரும் தூண்டில் போடலை. சரிங்களா? மினிட்ஸ்ல எழுதிக்கறேன், அப்புறம் நீங்க பேசுங்க" என்றார்.

"எழுதாதீங்க பாய்" என்றேன்.

புட்டியைத் திறந்து பூச்சியை மேசையில் வைத்தேன். பாய் அதை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"அட, இது நம்ம ரிவர்ஸ் கி..."

நிறுத்தினார். பூச்சியை மெதுவாகக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் யாருக்குப் பூச்சி கட்டுவேன் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். முதலில் முன்வரிசை திரும்பியது, பிறகு மற்றவர்கள். தயாளன் தொப்பியை முழங்காலில் வைத்து விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

சொன்னேன். அண்டாக்குழியில், நாணல் ஓரத்தில், பெண் மீன், கொக்கி நசுக்கப்படவில்லை. போன கோடையிலிருந்து மேல் ஓடையில் மீன் பிடித்திருக்கிறார்கள், அதனால் என் கணக்கில் கடைசி வருடம் செல்லாது. பூச்சியைக் கட்டியது நான். மூடி வைக்க வேண்டும் என்பதற்கு இப்போது என்னிடம் ஆதாரம் இல்லை, விருப்பம்தான் இருக்கிறது.

பின்னாலிருந்து ஒருவர், "கூட்டிட்டுப் போனது யாருன்னு..." என்று ஆரம்பித்தார்.

"உட்காருங்க, மேல போவோம்" என்றார் பாய்.

கை தூக்கச் சொன்னார்கள். மூடி வைக்க ஏழெட்டுக் கைகள், பாயுடையதும் சேர்த்து. திறந்துவிட மற்ற எல்லாம். ஆதாரம் இல்லை என்று நானே சொன்ன பிறகு அவர்களைக் குறை சொல்ல முடியாது. தயாளன் இரண்டுக்கும் கை தூக்கவில்லை. ஜூன் முதல் மேல் ஓடை விடுதிக்கு.

படியிறங்கும்போது மேனேஜர் பின்னாலேயே வந்தார்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. வாராவாரம் மேல் ஓடை நிலவரமும் நீங்க எழுதிக் கொடுத்தா எங்க கெஸ்ட்டுக்கு உதவியா இருக்கும்."

"நான் எழுதறதில்லை."

"சார் மார்ச்லயே சொன்னாரே, திறந்ததும் நீங்க எழுதித் தருவீங்கன்னு. அதை நம்பி பிரோஷர்லகூடப் போட்டுட்டோம்."

தயாளன் ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். மார்ச்சிலேயே. நேற்று துண்டு மடித்துக்கொண்டு சத்தியம் செய்தது அதற்குப் பிறகு. மேனேஜரிடம் பிரோஷரை மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் பாக்கி இருந்த ரசத்தைச் சுட வைத்தேன். இரண்டு தட்டு எடுத்து வைத்தேன், பழக்கம். சாப்பிடும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நல்ல மழை. மேல தண்ணி கலங்கியிருக்குமோ?" என்றார்.

தெரியாது என்றேன்.

மழை நின்ற பிறகும் போய்ப் பார்க்கவில்லை.